டிரில் மாஸ்டரின் வலது கால்

மணவாள நகரில் குடியிருந்த குணசுந்தரி தன் புருஷனிடம் தினமும் பிரம்படி வாங்குகிறாள் என்ற செய்தி அவள் காதுக்கே வந்து சேர்ந்தபோது, அது மூன்று வாய் மாறியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பியூனின் மனைவி பால்காரியிடம் சொல்லியிருக்கிறாள். பால்காரி ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறாள். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுப் பூவம்மாள், வாங்கின சர்க்கரையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே இங்கே வந்துவிட்டாள். அது அறுபத்தொன்பதாம் வருஷம்.

“அக்கா, தப்பா நெனச்சிக்காதே. மாஸ்டரு உன்ன அடிக்கிறாராமே? நான்கூட சாயந்திரமானா நீ துணி தோய்க்கிற சத்தம்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னாக்கா இது, கண்ணாலமாயி இத்தினி வருஷம் கழிச்சி?”

முறத்தில் இருந்த அரிசியைக் குணசுந்தரி புடைப்பதை நிறுத்தினாள். உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உண்மை வதந்தியைவிடக் கேவலமாக இருந்தது. கட்டினவன் அடிக்கிறான் என்றால் ஊர் இரண்டு நாள் உச்சுக்கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும். கட்டினவன் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான், அதுவும் ஒரு பாதுஷா தின்றதற்காக அடித்துக்கொள்கிறான் என்றால், கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் வாங்கச் சொல்வார்கள்.

“எப்பவாச்சும் கோவம் வந்தா அடிப்பாரு” என்றாள் குணசுந்தரி. “நீ யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காதே.”

அதற்கப்புறம் பத்து நாள் காய்கறிக்காரி அவளுக்குக் கேட்காமலேயே ஒரு கட்டுக் கொத்தமல்லி சேர்த்துப் போட்டாள்.

அவள் புருஷன் பரசுராமன் திருவள்ளூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ. நானூறு பையன்களை ஒரு விசிலில் நிறுத்துவார். விசில் இருந்த அதே பையில்தான் கமர்கட்டும் இருக்கும். சில நாள் விசிலை எடுத்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கமர்கட்டும் கூடவே வரும். அந்த நானூறு பையன்களில் ஒருத்தன்கூடச் சிரிக்க மாட்டான். அவ்வளவு கண்டிப்பு.

அறுபத்தாறில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. நீலமாக இருந்த மருந்தில் எட்டு சொட்டு மூத்திரத்தை விட்டுக் காய்ச்சியதும், கண்ணாடிக் குழாயில் அது செங்கல் நிறத்துக்கு மாறியது. பச்சையாக நின்றால் தேவலை, மஞ்சள் என்றால் சுமார், செங்கல் என்றால் ஆபத்து என்றார்கள். இனிப்பை நிறுத்தாவிட்டால் கண்ணோ காலோ போகும் என்றும் சொன்னார்கள். பரசுராமன் நேராக நிமிர்ந்து கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார். ஒரு கமர்கட்டுக்கு ஒரு அடி. பாதுஷாவுக்கு நாலு. பாயசம் என்றால் ஆறு.

சாயங்காலம் கூடத்து நடுவில் நின்றுகொண்டு, “கை நீட்டு!” என்று அதட்டுவார். அவருடைய இடது கையே நீளும். வலது கை பிரம்பை ஓங்கும். சில சமயம் இடது கை பயந்து பின்வாங்கிவிடும், பிரம்பு காற்றில் வீசிப் போகும். அதற்காக இடது கைக்குத் தனியாக ஒரு திட்டு விழும்.

“அறிவு இருக்குதா உங்களுக்கு? அடிக்கிறதும் நீங்க, அய்யோங்கிறதும் நீங்க” என்பாள் குணசுந்தரி.

“தப்பு பண்ணா தண்டனை. பையனுக்கும் அதான், எனக்கும் அதான்.”

“தண்டனை முடிஞ்சதும் இன்னா பண்றீங்க?”

“இன்னா பண்றேன்?”

“மறுநாளு மறுபடி திங்கறீங்க!”

“அதான் மறுபடி அடிக்கிறேன் இல்ல?”

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன பேசுவது? பாதுஷாவின் விலை நாலு அடி என்று ஆகிவிட்டது. அந்த விலை அவருக்குக் கட்டுபடியாகவும் செய்தது. எழுபதில் ஊத்துக்கோட்டையில் நாத்தனார் மகள் கல்யாணம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்க, உள்ளே பட் பட்டென்று பன்னிரண்டு அடி. போய்ப் பார்த்தால், உள்ளங்கை சிவக்க நிற்கிறார்.

“இன்னும் ஒண்ணுமே திங்கலியே, இது எதுக்கு?”

“அங்க போயி ஜனங்க எதிர்ல அடிச்சிக்க முடியாது. அதான் முன்னாடியே” என்றார்.

கல்யாணத்தில் பன்னிரண்டு அடிக்கும் குறைவில்லாமல் சாப்பிட்டார்.

குணசுந்தரி மட்டும் சும்மா இருந்தாளா? சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பைகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். தன் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். மூன்று நாள் கழித்துத் தன் தலையைப் பற்றித் தனக்கே கவலை வந்துவிட்டது. கடைசியாகப் பெருமாளைப் பிடித்தாள். திருவள்ளூரில் அமாவாசைக்கு அமாவாசை கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும் என்று வேண்டிக்கொள்வது. இரண்டு கிலோ வெல்லம் வாங்கி, துணிப்பையில் போட்டு, நோய்க்காரர்தானே கரைக்க வேண்டும் என்று அவர் கையிலேயே கொடுத்தாள். கூட்டத்தில் அவள் முன்னால் போக, அவர் பின்னால் வந்தார். குளத்துப் படியில் பையை வாங்கினால் அது பாதியாக இருந்தது.

“இன்னாங்க, பை இளைச்சிப்போச்சி?”

“வெயிலு. உருகியிருக்கும்.”

கூட வந்த பூவம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். “வுடுக்கா. மாஸ்டரு வயித்துல கரைஞ்சா இன்னா, கொளத்துல கரைஞ்சா இன்னா? பெருமாளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அன்று சாயங்காலம் எட்டு அடி. குணசுந்தரிக்கு வந்த எரிச்சலில், பிரம்பைப் பிடுங்கி ஒன்பதாவதைத் தானே போடலாமா என்றிருந்தது.

பிறகு ஒரு நாள், வீங்கியிருந்த உள்ளங்கையைப் பார்த்து தலைமையாசிரியர் என்னவென்று விசாரித்துவிட்டார். அதிலிருந்து கையை விட்டுவிட்டுப் பாதத்துக்கு மாறினார். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது முழங்கால் மேல் போட்டுக்கொண்டு உள்ளங்காலில் போடுவார். ஷூவுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

எழுபத்தைந்தில் ஓய்வு பெற்றார். வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் அப்போது ஒவ்வொன்றாகத் தொழிற்சாலை வந்துகொண்டிருந்தது. இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற ஒரு ரோலிங் மில்லில் கேட் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. உள்ளே போகிற ஆள், வெளியே வருகிற ஆள், லாரி எல்லாவற்றையும் விசிலடித்து நிறுத்துகிற வேலை. கேட்டை ஒட்டின ரூமில் ஆறு நாள் தங்கல், ஞாயிற்றுக்கிழமை மணவாள நகர். துணி வைத்த டிரங்குப் பெட்டியோடு பிரம்பும் போயிற்று.

நடுவில் புதன்கிழமைகளில் குணசுந்தரி தபாலாபீசுக்குப் போய், மில்லுக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து, “இன்னிக்கி இன்னா தின்னீங்க?” என்று கேட்பாள். “எல்லாம் ஒழுங்கு” என்று பதில் வரும். பின்னால் கேன்டீனில் யாரோ டீயில் சர்க்கரை கலக்குகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற கரண்டியைப் பிடுங்க முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மிகவும் சந்தோஷமாக வந்தார்.

“சுந்தரி, ஒண்ணு கவனிச்சியா? இப்பல்லாம் எத்தினி அடிச்சாலும் வலிக்கறதில்ல. ஓங்கி அடிச்சாக்கூட எங்கயோ தூரத்துல யாரையோ அடிக்கிற மாதிரிதான் கீது. ஒடம்பு வழிக்கு வந்துடுச்சி. இத்தினி வருஷ டிரில்லு!”

குணசுந்தரியும் சந்தோஷப்பட்டாள். அதற்காகத்தான் பின்னால் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். வலி போய்விட்டது, இனிமேல் அய்யோ என்கிற சத்தம் கேட்காது என்று அன்றைக்கு அவள் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தாள்.

எழுபத்தெட்டு, மாசி மாதம். பழுத்த இரும்பை உருட்டும்போது அதன் மேல்தோல் செதில் செதிலாக உரிந்து தெறிக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் லாரிக்கு வழி விட்டு நின்ற பரசுராமனின் வலது ஷூவுக்குள் அப்படி ஒரு செதில் விழுந்தது. அவர் மாலை வரைக்கும் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் வரவில்லை. சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மில்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருந்தகம். அங்கே கட்டுக் கட்டுகிறவள் மணியம்மாள். ஆரம்பாக்கத்துக்காரி, வயசான ஆண்கள் எல்லாரும் அவளுக்கு நைனா. கத்தரிக்கோலால் சாக்ஸை வெட்டி எடுத்தவளுக்கே கண் கலங்கிவிட்டது.

“வலிக்குதா நைனா?”

“கொஞ்சங்கூட இல்ல” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம். கிட்டத்தட்ட சல்யூட் அடிக்காத குறை. மணியம்மாள் உடனே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் தகவல் கிடைத்து, பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி குணசுந்தரி போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் ஆதிநாராயணன் அவரைப் பலகையில் படுக்கவைத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயசு டாக்டர். கையில் ஒரு குண்டூசி.

“ஒவ்வொரு தடவையும் குத்தினதும் சொல்லுங்க சார்.”

“சரி டாக்டர்.”

குணசுந்தரி பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டைவிரலில் ஒன்று. நடுவிரலில் ஒன்று. குதிகாலில் ஒன்று. புண்ணைச் சுற்றி நாலு. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ம், குத்துங்க டாக்டர்” என்றார் பரசுராமன். “நான் ரெடி.”

“ஏழு தடவ குத்திட்டேன் சார்.”

கண்கட்டை அவிழ்த்தபோது அவர் முகம் டிரில்லில் தப்பான பக்கம் திரும்பிவிட்ட சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. “மனக் கட்டுப்பாடு டாக்டர். ரொம்ப வருஷப் பழக்கம்” என்றார், ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

“கட்டுப்பாடு இல்ல சார். சர்க்கரையில நரம்பு செத்துப்போச்சு. இனிமே இந்தக் காலு அடிபட்டாக் கத்தாது. நீங்களாப் பாத்தாத்தான் உண்டு.” டாக்டர் குணசுந்தரி பக்கம் திரும்பினார். “சுண்டுவிரல் பக்கம் புண்ணு ஆழமா இருக்கும்மா. ஆறு வாரம் பாப்போம். எலும்புக்குப் போகாம இருந்தா காலு தப்பிச்சிது. போயிருந்தா விரலோட நிக்குமா, கணுக்கால் வரைக்கும் எடுக்கணுமான்னு இப்பச் சொல்ல முடியாது.”

ரூமுக்கு வந்ததும் பரசுராமன் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கேட்டார். அதைக் காலுக்கு அடியில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். புண்ணுக்குத் தள்ளி, உள்ளங்கால் முழுக்க, குறுக்கும் நெடுக்குமாகக் கன்றிப்போன கோடுகள்.

“சுந்தரி, இது செத்துக்கினு இருந்திருக்கு. நான் தேறிடுச்சின்னு நெனச்சி இன்னும் ஓங்கி ஓங்கி அடிச்சிக்கினு இருந்திருக்கேன்.”

அவளுக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் திட்டியாகிவிட்டது. கண்ணாடியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது புதிய கூத்து. அவள் மறுபடி எரிச்சலடைய இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கால் கழுவுவார். மணியம்மாள் சொல்லிக்கொடுத்த முறை. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், பச்சைக் குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி. காலை நம்பி அதை விடக்கூடாது, அதற்குச் சூடு தெரியாது. கழுவி, புண்ணுக்கு மருந்து வைத்து, ஒவ்வொரு விரல் இடுக்கையும் ஈரம் போகத் துடைத்து, குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய். நானூறு பையன்களை நடுங்கவைத்த மனுஷன் தன் காலிடம், “வாடா ராஜா, அப்பிடி நீட்டு. ம், ஸ்டாண்டட்டீஸ். பயப்படாத” என்று பேசிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைப் பார்த்த குணசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முப்பது வருஷமா ஆக்கிப் போடறேன். ஒரு நாளாவது என்ன ராஜாத்தின்னு கூப்ட்டிருப்பீங்களா? காலுக்கு வந்த வாழ்வப் பாரு!”

“நீ கத்தினாக் கேக்குது. அது கத்தாதே, இன்னா பண்றது?”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூவம்மாள், “அக்கா, சக்களத்தி வந்துட்டாளா?” என்று குரல் கொடுத்தாள்.

கொஞ்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. பங்குனியில் ஒரு நாள், சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே சொன்னார். “வியாழக்கிழம மில்லுல ஒருத்தன் கொழந்தைக்குப் பேர் வெச்சான்னு பாதுஷா குடுத்தான். பாதி தின்னேன். மீதிய வாட்ச்மேன் பாக்கியராஜாண்ட குடுத்துட்டேன்.”

குணசுந்தரி காத்திருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“அடிச்சிக்கல?”

“பிரம்பு ஏது? கேன்டீன்ல நாய் தொரத்தக் கேட்டாங்க, குடுத்துட்டேன்.”

இதென்ன பேஜாரு! காலே போகிற நேரத்தில் பாதுஷாவைத் தின்றுவிட்டு, ரயில் லேட்டு என்று சொல்கிற மாதிரி சொல்கிறாரே. ஒரு அடியாவது போட்டுக்கொண்டிருந்தால் மனசு ஆறியிருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும், தனக்கா இப்படித் தோன்றுகிறது என்று தன் மேலேயே கோபம் வந்தது. அந்தப் பிரம்புச் சத்தத்தைப் பன்னிரண்டு வருஷம் சபித்தவள் அவள்.

“அடிச்சப்பல்லாம், தண்டனை முடிஞ்சிதுன்னு கைய ஒதறிக்கினு போயிடுவேன்” என்றார் பரசுராமன், துண்டைத் தேடிக்கொண்டே. “இப்ப முடியறதுக்கு இன்னா இருக்கு? நாலு மணியானா அது மூஞ்சில முழிச்சாவணுமே. நேத்து ஒனக்கு ஆவாதத நான் தின்னேன்டான்னு அதாண்ட சொல்லிக்கினே கழுவறது ஒரு மாதிரியா கீது. அதான் பாதியோட வெச்சிட்டேன்.”

அவள் நம்பவில்லை. பைகளைக் கவிழ்த்தாள். பஞ்சுச் சுருள் ஒன்று விழுந்தது. அடுத்த வாரமும் கவிழ்த்தாள், ஒரு மருந்துக் குப்பி. கேன்டீனுக்குப் போன் போட்டு மாஸ்டர் எப்படி டீ குடிக்கிறார் என்று நேரடியாகவே விசாரித்தாள். “சர்க்கர போடாதீங்கன்னு சொல்லிட்டாரும்மா. யாரோ அவர் புள்ளைக்கு ஆவாதாமே, அதனால அவரும் குடிக்கறதில்லியாம். யாரும்மா அது?” என்றான் கேன்டீன்காரன். அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. தபாலாபீசில் நின்றுகொண்டு அவள் அழுதாளா சிரித்தாளா என்று பின்னால் இருந்த வரிசைக்குப் புரியவில்லை.

ஞாயிறுதோறும் வீட்டில் காய்ச்சிப் பார்த்த கண்ணாடிக் குழாயில் செங்கல் நிறம் வெளுத்தது. ஒரு ஞாயிறு ஆரஞ்சாக நின்றது. பிறகு மஞ்சள். அஞ்சாவது வாரம் பச்சை. அவள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்து மூன்று தடவை பார்த்தாள். ஆனால் எலும்புக்குள் என்ன நடந்திருக்கிறது என்று குழாய் சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ஆதிநாராயணன் படத்தை எடுத்துக்கொண்டு, அறுவை சிகிச்சை செய்கிற பெரிய டாக்டரிடம் காட்ட மெட்ராசுக்குப் போனார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் அங்கிருந்தே மில் கேட்டுக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்வதாக ஏற்பாடு. விரலா, கணுக்காலா, ஒன்றுமே வேண்டாமா என்று அந்தப் போனில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து குணசுந்தரி ஒரு நாஷ்டாவும் சாப்பிடவில்லை. இரண்டு பஸ் மாறி வந்து, மூன்று மணியிலிருந்து கேட் ரூமில் போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் போன், ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்டூல் மேல். அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்க, சரியாக நாலு மணிக்குப் பரசுராமன் கால் கழுவுகிற பேசினை எடுத்து வைத்து வெந்நீரில் முழங்கையை விட்டுப் பார்த்தார்.

“இன்னிக்கி ஒரு நாளு போன் வந்தப்பறம் கழுவக்கூடாதா?”

“ஏன், இன்னிக்கி எனக்குக் காலு இல்லியா?”

“வாயக் கழுவுங்க! இருக்குதா இல்லியான்னு கேக்கத்தான் ஒக்காந்துக்கினு கீறோம்!”

அவர் பாட்டுக்குக் கழுவினார். மருந்து வைத்தார். பிறகு, “கண்ணாடிய ஒரு கையில புடிச்சிக்கினு தொடைக்க வரல. நீ குதிகால மட்டும் தாங்கிக்கோ” என்றார். வேறு வழியில்லாமல் அவள் தரையில் உட்கார்ந்து, துண்டை மடியில் விரித்து, இரண்டு கையாலும் ஈரக் குதிகாலைத் தாங்கிக்கொண்டாள். அந்தக் காலை அவள் முதல் தடவையாகக் கையில் எடுக்கிறாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. குளிர்ச்சியாகவும் இருந்தது. ரூம் முழுக்கத் தரையில் மில்லிலிருந்து பறந்து வந்த இரும்புத் தூள், எவ்வளவு பெருக்கினாலும் போகாதது.

போன் அடித்தது.

“எடுங்க!”

“ரெண்டாவது இடுக்கு ஆச்சி” என்றார் அவர், மெல்லிய துணியை விரலில் சுற்றிக்கொண்டே.

“ஐயோ, டிரங்க் காலு! எடுக்கலன்னா எக்சேஞ்சுல கட் பண்ணிடுவான். எட்டி எடுங்களேன்!”

“எட்டினா காலத் தரையில வெக்கணும். பொடி ஒட்டிக்கும்.”

“அப்ப நான் எடுக்கறேன்.”

“நீ வுட்டாலும் தரையிலதான் வுழும்.”

அவள் சுற்றிப் பார்த்தாள். பாக்கியராஜ் வெளியே லாரிக்குக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தான். அவள் போட்ட கூச்சல் லாரி இரைச்சலில் போய்விட்டது. போன் ஸ்டூல் மேல் அதிர்ந்துகொண்டிருந்தது. துண்டை அவர் காலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஒரே தாவாகத் தாவினால் எடுத்துவிடலாம். துண்டு நகர்ந்துவிட்டால்? ஒரு துகள் போதும் என்று மணியம்மாள் சொல்லியிருக்கிறாள்.

“கல்லு மனசுங்க உங்களுக்கு! சீக்கிரந்தான் தொடைங்களேன்!”

“சீக்கிரமாத் தொடைச்சா தோலு கிழிஞ்சிடும். பாரு, நாலாவது இடுக்குல இன்னும் ஈரம் கீது.” ஆனால் அவர் துணி, துடைத்து முடித்த மூன்றாவது இடுக்குக்கே மறுபடி போயிற்று. அதை அவள் அப்போதுதான் பார்த்தாள். “கொஞ்சம் தூக்கிப் புடி சுந்தரி. வெளிச்சத்துக்கு.”

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.